தேயிலைப் பொட்டலத்தில் வந்த விலங்குகள்

இங்கிலாந்தில் நான் வசிக்கும் ஊரின் பழம்பொருள் கடையொன்றில், சென்ற மாதம் இரண்டு பவுண்டு கொடுத்து ஒரு மெல்லிய ஆல்பத்தை வாங்கினேன். புரூக் பாண்ட் தேயிலை நிறுவனம் 1962இல் வெளியிட்ட ‘ஆசிய வனவிலங்குகள்’ என்ற பட அட்டைத் தொடருக்கானது அது. ஐம்பது கட்டங்களில் மூன்று மட்டும் காலியாக இருந்தன.

சிகரெட் பெட்டி நசுங்காமலிருக்க உள்ளே வைத்த அட்டையில் படம் அச்சிடும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலேயே தோன்றி, இரண்டாம் உலகப் போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் நின்றுபோயிற்று. அதே உத்தியைப் புரூக் பாண்ட் 1954இல் தேயிலைக்குக் கொண்டுவந்து, பறவைகளில் தொடங்கி, 1999 வரை நடத்தியது.

ஆசியத் தொடருக்குப் படம் வரைந்தவர் சார்லஸ் டன்னிக்ளிஃப். ஆங்கில்சித் தீவில் வாழ்ந்த இவர், இறந்து கிடைக்கும் பறவைகளை இறகு இறகாக அளந்து, உள்ள அளவிலேயே வரைந்து வைத்துக்கொள்ளும் வழக்கமுடையவர். தீப்பெட்டியைவிடச் சற்றே நீளமான அட்டையிலும் விலங்கின் உடற்கனம் கண்ணுக்குத் தெரிவது அந்தப் பழக்கத்தின் பலன் என்றே நினைக்கிறேன். ஒட்டப்படாத அட்டைகளையே சேகரிப்பாளர்கள் விரும்புவார்கள். எனக்கோ, யாரோ ஒரு குழந்தை பசை வழிய, கோணலாக ஒட்டிய இந்த ஆல்பமே பிடித்திருக்கிறது.

எழுபது வயதைக் கடந்த என் பக்கத்து வீட்டு அம்மையார் ஆல்பத்தைக் கண்டதும் அடையாளம் கண்டுகொண்டார். டப்பாவில் பாதித் தூள் இருக்கும்போதே அடுத்த பொட்டலம் வாங்கச் சொல்லித் தாயாரை நச்சரித்ததையும், இரட்டையாக வந்தவற்றைப் பள்ளியில் மாற்றிக்கொண்டதையும் நெடுநேரம் சொன்னார். அந்த இலை எங்கே விளைந்தது என்று அப்போது யோசித்ததுண்டா என்று கேட்டேன், இல்லை என்றார்.

நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. என் சொந்த ஊர் வால்பாறை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆனைமலையின் மழைக்காட்டை வெட்டித்தான் அங்கே முதலில் காப்பியும் பிறகு தேயிலையும் நட்டார்கள்; எஞ்சிய துண்டுக் காடுகளில் சோலைமந்திகள் இன்றும் வாழ்கின்றன. ஆசிய விலங்குகளை அறிமுகப்படுத்திய அட்டை, அவற்றின் காட்டை மாற்றிய பயிரோடு ஒரே பொட்டலத்தில் வந்திருக்கிறது என்பது, இந்த ஆல்பத்தைப் புரட்டும் வரை எனக்கே தோன்றியதில்லை. மறு ஆண்டே, 1963இல், அழிவின் விளிம்பிலுள்ள விலங்குகளைப் பற்றிய தொடரொன்றும் வந்தது. அதை எழுதி வரைந்தவர், 1961இல் உலக வனவிலங்கு நிதியத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான பீட்டர் ஸ்காட்.

எங்கள் ஊரில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே குட்டியோடு நிற்கும் யானைக் கூட்டத்தின் படத்தைக் கைபேசியில் காட்டினேன். அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்துவிட்டு, “இது எந்தத் தொடர்?” என்று கேட்டார்.