குடிமீட்பு அளவீட்டைத் தக்னியில் கேட்பது எப்படி?

சேலம் கோட்டைப் பகுதியில் வீட்டுக்குள் உருது பேசும் குடும்பங்களில் பலர் பள்ளியில் படித்தது தமிழ்; நாக்கில் வருவது தக்னி என்ற தென்னிந்திய உருது வழக்கு. லக்னோ நடையில், உருது எழுத்தில் அச்சடித்த, குடியிலிருந்து மீண்டுவருபவரின் நிலையை அளக்கும் வினாத்தாளை நீட்டினால் மரியாதைக்காக நிரப்பித் தந்துவிடுவார்கள். அந்த மதிப்பெண்ணை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது. கேள்விகளைத் தக்னியிலேயே, தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு கவுன்சலர் வாசித்துக் கேட்க வேண்டும்.

ஆங்கில வினாத்தாளின் மொழிபெயர்ப்பை இருவர் தனித்தனியாகச் செய்து, உட்கார்ந்து ஒன்றாக்கட்டும். ஆங்கில மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கட்டும். பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பிழைகள் பிடிபடுவது இதற்கு அடுத்த படியில்தான்: மீண்டுவரும் சிலரிடம் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, "இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றியது?" என்று விசாரிப்பது.

மீண்டுவருபவருக்கு என்னென்ன துணை இருக்கிறது என்று அளக்கும் பார்க்-10 (BARC-10) என்ற மீட்பு அளவீட்டை எடுத்துக்கொள்வோம். பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 (சற்றும் ஒப்பவில்லை) முதல் 6 (முழுமையாக ஒப்புகிறேன்) வரை, மொத்தம் 10 முதல் 60. தான் வாழும் சமூகத்தைப் பற்றிப் பெருமைப்படுகிறேன் என்று ஒரு வாக்கியம் வருகிறது. அதை 'ஜமாத்' என்று பெயர்த்தால் மார்க்கத்தைப் பற்றிய கேள்வியாகக் காதில் விழும். யாரும் 6-க்குக் கீழே சொல்லமாட்டார்கள். 'மொஹல்லா' என்று கேட்டால் தெருவும் அக்கம்பக்கமும் நினைவுக்கு வரும். வசிக்கும் இடம் மீட்புக்கு உதவியதா என்ற கேள்வி இன்னும் கடினம். கூட்டுக்குடும்பத்தில் அண்ணன் பக்கத்தில் இருக்கும்போது வீட்டைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? தனியாகத்தான் கேட்க வேண்டும். உறவினரை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைக்கவே கூடாது.

ஆறு பதில்களை வாயால் சொன்னால் முதலும் கடைசியும்தான் நினைவில் நிற்கும். முதலில் 'ஆமாவா, இல்லையா' என்று கேளுங்கள். பிறகு கொஞ்சமா, ஓரளவா, ரொம்பவா என்று கேளுங்கள். இரண்டு படியில் அதே ஆறு கிடைத்துவிடும். மீட்பு நிலைத்திருக்கும் என்பதற்கு அடையாளமான 47 என்ற எல்லை ஆங்கில வடிவத்தில் கிடைத்தது. தக்னி வடிவத்தைத் தனியே சோதிக்கும்வரை, அதே ஆளின் முந்தைய மதிப்பெண்ணோடு ஒப்பிடுவதே நியாயம்.

குடியின் அளவை அறிய உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் (AUDIT) வினாக்கள் உள்ளன. அதில் ஒரு 'டிரிங்க்' என்பது 10 கிராம் ஆல்கஹால். 42.8 சதவீதச் சரக்கு 180 மில்லியில் ஏறக்குறைய 61 கிராம் இருக்கிறது. அதாவது ஒரு குவாட்டரே ஆறு டிரிங்க். குடிக்கும் நாளில் எத்தனை டிரிங்க் என்ற இரண்டாம் கேள்விக்குக் குடிப்பவர் "ஒண்ணு" என்றால் குவாட்டரைச் சொல்கிறார். அதை ஒரு டிரிங்க் என்று குறித்தால் 2 மதிப்பெண் வர வேண்டிய இடத்தில் 0 விழும். புட்டியின் அளவைக் கேட்காமல் எதையும் குறிக்காதீர்கள்.

ரம்ஜான் மாதத்தில் பலர் குடியை நிறுத்திவிடுவார்கள். கடந்த 30 நாளைக் கேட்கும் வினாத்தாள் அப்போது பொய்யான நிம்மதி தரும். ஆடிட் ஓர் ஆண்டைக் கேட்பதால் இந்தச் சிக்கல் குறைவு. 'போன வருஷ ரம்ஜான் முதல்' என்று காலத்தை நினைவூட்டினால் பதில் தெளிவாக வரும்.

தினமும் அதிகமாகக் குடித்தவர் முதல் நோன்புக்குத் திடீரென நிறுத்தினால் ஆபத்து. வலிப்பு பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும்; குழப்பமும் இல்லாததைப் பார்ப்பதும் இரண்டு நாள் கழித்தும் தொடங்கலாம். கைநடுக்கம், வியர்வை தெரிந்தால் வினாத்தாளை மூடிவைத்துவிட்டு, மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நோன்பைப் பற்றிய பேச்சை அங்கே மருத்துவர் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.