சுரண்டாமல் அடித்த வெள்ளை

எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தேன். வயது 49, மாதவிலக்கு நின்று 2 வருடம், ரிப்போர்ட் எப்படி இருக்குமோ என்று பயந்துகொண்டேதான் பிரித்தேன். பார்த்தால், என் வயதுப் பெண்களுக்கு இருப்பதைவிட அடர்த்தி அதிகமாம்! அத்தை அடுப்படியில் இருந்தே, "பாத்தியாத்தா, அம்புட்டும் நான் வச்சுக் குடுத்த ஆட்டுக்கால் சூப்பு" என்றார்.

சூப்பில் ஒன்றும் இல்லை. ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் பாராதைராய்டு ஹார்மோன் எனக்குச் சுரப்பதில்லை. 6 வருடத்துக்கு முன் தைராய்டுக் கழலைக்கு ஆபரேஷன் செய்தார்கள். தைராய்டுக்குப் பின்னால், இந்த ஹார்மோனைச் சுரக்கும் 4 சுரப்பிகள் பொதுவாக அரிசி அளவில் இருக்கும். அவையும் சேர்ந்து அடிபட்டுவிட்டன. சில வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். ஆகவில்லை. இப்படியும் ஆகலாம் என்று முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஆதங்கம் இன்னும் இருக்கிறது.

முதல் வருடம் சித்திரைத் திருவிழா நேரம். வில்லாபுரத்தில் வீட்டிலேயே தையல், பிளவுஸ் துணி மலையாகக் கிடந்தது. கால்சியம் மாத்திரை தீர்ந்து இரண்டு நாள், வாங்கப் போகவில்லை. உதட்டைச் சுற்றி எறும்பு ஊறியது. அப்புறம் கத்தரி பிடித்த கை தானாக மடங்கியது: கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போக, மற்ற விரல்கள் விறைத்து ஒன்றோடொன்று குவிந்தன. கத்தரி விரலிலேயே மாட்டிக்கொண்டது. மகள்தான் மெல்லக் கழற்றி எடுத்தாள். அன்று ரத்தத்தில் கால்சியம் 6.4. சாதாரணமாக எல்லோருக்கும் குறைந்தது 8.5 இருக்க வேண்டும்.

ரத்தத்தில் இவ்வளவு குறைந்தால் எலும்பு உளுத்துத்தானே போகும்? அடர்த்தி எப்படிக் கூடும்? டாக்டரிடமே கேட்டேன். எலும்பு உடம்புக்குள் ஓயாமல் கரைந்து, புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டே இருக்குமாம். அந்த வேலையை முடுக்கிவிடுவது இந்த ஹார்மோன். அது இல்லாததால் கரைவதும் குறைவு, கட்டுவதும் குறைவு. பழைய எலும்பு அப்படியே தங்கிக் கெட்டிப்படுகிறது.

எனக்கு மேலூர்ப் பக்கம் எங்கள் பழைய வீட்டுச் சுவர் ஞாபகம் வந்தது. பொங்கலுக்குப் பொங்கல் பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் மேலேயே வெள்ளையடிப்பார் அப்பா. சுவர் என்னவோ வருடா வருடம் தடித்தது.

"அப்ப என் எலும்பு நல்லாத்தானே இருக்கு டாக்டர்?"

"கெட்டியா இருக்கும்மா. உறுதியான்னு இந்த நம்பரை வச்சு மட்டும் சொல்ல முடியாது."

முதுகெலும்பில் விரிசல் விடும் வாய்ப்பு இந்த நோய்க்காரர்களுக்குக் கூடுதலாக இருக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றனவாம். முதுகு வலித்தால் தைலம் தேய்த்துப் படுத்துவிடாமல் வந்து காட்டச் சொன்னார்.

பாலும் ஜிகர்தண்டாவும் குடித்துச் சரிக்கட்ட முடியாது. பாலில் பாஸ்பேட்டும் உண்டு, அது எனக்கு ஏற்கெனவே அதிகம். வைட்டமின் டி-யைச் சிறுநீரகம் வேலைக்கு ஏற்றதாக மாற்றவும் இதே ஹார்மோன் வேண்டும். அதனால் மாற்றி முடித்த சரக்கையே, கால்சிட்ரியால் என்று, மாத்திரையாக விழுங்குகிறேன். கால்சியம் சாப்பாட்டோடு; விடிகாலைத் தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் 4 மணி நேரம் இடைவெளி. அளவு கூடினால் சிறுநீரில் இறங்கிக் கல்லாகிவிடும் என்பதால், ரத்தத்தில் கால்சியத்தை 8-லிருந்து 8.5-க்குள் ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். இல்லாத ஹார்மோனுக்கு ஈடாகத் தினமும் போடும் ஓர் ஊசிக்கு 2024-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது. எனக்கு இப்போதைக்கு மாத்திரைதான்.

பிளவுஸ் ஹூக் போட்டு வைக்கும் டப்பாவில் கால்சியம் ஒரு அட்டை எப்போதும் கிடக்கும். சூப்பும் நிற்கவில்லை, வெள்ளிக்கிழமை தவிர்த்து எந்த நாளிலும் வரும், மிளகு தூக்கலாக.