இலை உறிஞ்சும் மெஷின் நின்றுவிட்டதா? மோட்டார் வாங்கும் முன்…

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் மழை கொட்டுவது கோடையில்தான். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் மாமரத்தடியில் ஊறிக் கிடக்கும் இலையை உறிஞ்ச விட்டால் எந்த மெஷினும் திணறும்.

ஓடவே இல்லையென்றால், குழாய் சரியாகப் பூட்டியிருக்கிறதா பாருங்கள். அங்கே ஒரு பாதுகாப்பு சுவிட்ச் உண்டு. அது அமுங்காவிட்டால் நல்ல மோட்டாரும் சுற்றாது.

அடுத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கூட்டைத் திறங்கள். பெரும்பாலும் டார்க்ஸ் (ஆறு முனை நட்சத்திரத் தலை) திருகுகள்தான், டி-20 அளவு திருப்புளி பொருந்தும். கார்பன் பிரஷ் (சுற்றும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) 5 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பல நேரம் அதுவே போதும். கம்யூட்டேட்டரில் (பிரஷ் உரசும் செம்புப் பட்டை உருளை) ஓரிரு பட்டை மட்டும் கருகி, வார்னிஷ் தீய்ந்த வாடையும் வந்தால் மோட்டாரின் கம்பிச் சுருள் போய்விட்டது. அப்போது மோட்டாரையே மாற்ற வேண்டியதுதான்.

கழற்றுமுன் ஒயர்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். விசிறியைப் பிடிக்கும் நட் சில மாடல்களில் இடது மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் பலம் காட்டி ஷாஃப்டை முறிப்பவர்கள் நிறைய. விசிறி இதழில் விரிசல் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். நிமிஷத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் சுற்றும் சாமான். கொஞ்சம் கோணினாலும் புது பேரிங்கைத் தின்றுவிடும்.

வாங்கும்போது வாட் மட்டும் பார்த்தால் ஆகாது. 230 வோல்ட், ஷாஃப்டின் விட்டம், நீளம், மரை, திருகுத் துளைகளின் இடைவெளி எல்லாம் ஒத்துவர வேண்டும்.

2400 வாட் மெஷின் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எக்ஸ்டென்ஷன் ஒயர் 1.5 சதுர மி.மீ. இருக்கட்டும், சுற்றி வைத்த ஒயரை முழுக்க விரித்துவிடுங்கள். முதல் ஓரிரு நிமிஷம் இலை இல்லாமல் ஓட்டுங்கள். பிரஷ் பக்கம் சின்னப் பொறி வரும், பயமில்லை. வளையமாய்ச் சுற்றி நெருப்புப் பறந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.