80 ஹெர்ட்ஸ் இரைச்சலும் ஒரு ஹெட்செட்டும்

மலேசியாவின் சுபாங் விமான நிலையத்தில் தனியார் விமானி உரிமத்துக்கான பயிற்சியைத் தொடங்கிய முதல் சில மாதங்களில், விமானத்தை ஓட்டுவதைக் காட்டிலும் பிறர் சொல்வதைக் காதில் வாங்குவதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. பயிற்சி நிலையத்தின் அலமாரியில் தொங்கும் பொது ஹெட்செட்டுகளில் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு போவோம். பெரும்பாலும் அது பச்சை நிறக் கிண்ணங்கள் கொண்ட டேவிட் கிளார்க் எச்10-13.4 ஆகத்தான் இருக்கும். எனக்கு முன் பறந்தவரின் தலை எண்ணெய் வாசனையும் அதனுடன் சேர்ந்தே வரும். எத்தனை முறை கீழே விழுந்தாலும் உடையாத உழைப்பாளி அது. அதன் இரைச்சல் குறைப்பு 23 டெசிபல் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. ஆனால் கிண்ணமும் காதைச் சுற்றிய பஞ்சுவளையமும் கீச்சொலிகளைத் தடுக்கும் அளவுக்கு அடித்தொண்டை உறுமலைத் தடுப்பதில்லை என்பது அந்த ஒற்றை எண்ணிலிருந்து தெரியாது.

ஒரு நாள் புறப்பட்டு மேலேறிக்கொண்டிருந்தபோது, 1,500 அடிக்கு மேல் போக வேண்டாம் என்று கட்டுப்பாட்டு அலுவலர் சொன்னார். நான் 2,500 என்று திருப்பிச் சொன்னேன். கிடைத்த கட்டளையை விமானி அப்படியே திருப்பிச் சொல்வதற்கு ரீட்பேக் என்று பெயர். இப்படிப்பட்ட தவறைப் பிடிப்பதற்காகவே அந்த வழக்கம் இருப்பதால் அலுவலர் உடனே திருத்திவிட்டார், நானும் பிழைத்தேன். தரையிறங்கியபின் என் பயிற்றுநர், நாங்கள் எல்லாரும் கேப்டன் என்று அழைக்கும் பெரியவர், என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லிக் கையில் வாங்கிப் பார்த்தார். "காம்பு இவ்வளவு தடிப்பா இருந்தா பஞ்சு எப்படித் தம்பி காதோட ஒட்டும்? அந்தச் சந்துலதான் சத்தம் பூரா உள்ள வருது. மைக்கையும் தாடைக்குக் கீழ வச்சிருக்கீங்க. டவருக்கு உங்க குரல் கேக்காது, இஞ்சின்தான் கேக்கும்" என்றார். மெல்லிய காம்புள்ள கண்ணாடி ஒன்றை வாங்கினேன். மைக்கை உதட்டோரத்துக்கு மிக அருகில், ஏறக்குறைய தொட்டுவிடும் தூரத்தில் வைக்கப் பழகினேன். விலையுயர்ந்த ஹெட்செட் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் முதலில் இவ்விரண்டையும் செய்துவிட்டு அப்புறம் பணத்தை எண்ணலாம் என்பது என் கருத்து.

எனினும் உறுமல் உறுமலாகவே இருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று ஓர் இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் பழைய செஸ்னா 172 சமநிலையில் பறக்கும்போது இஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,400 சுற்று சுழல்கிறது. அதாவது நொடிக்கு 40 சுற்று. உந்துவிசிறிக்கு இரண்டு இறக்கைகள் என்பதால் நொடிக்கு 80 முறை இறக்கை காற்றை அறைகிறது. நான்கு சிலிண்டர் கொண்ட நான்கு வீச்சு இஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு சிலிண்டர்கள் வெடிப்பதால் அந்தக் கணக்கும் 80-க்கே வருகிறது. விசிறியும் இஞ்சினும் சொல்லிவைத்தாற்போல் ஒரே 80 ஹெர்ட்ஸில் வந்து நம் மண்டையைக் குடைகின்றன. மனிதப் பேச்சைப் புரியவைக்கும் ஒலிகளில் பெரும்பகுதி 300 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கின்றன என்பதால் இந்த உறுமல் பேச்சைத் தொடாது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் உரத்த தாழ்சுருதி ஒலி, தனக்கு மேலே உள்ள சுருதிகளையும் மறைத்துவிடும் இயல்பு நம் உட்காதுக்கு உண்டு. அதனால்தான் வானொலியில் எண்கள் கரைந்துபோகின்றன. அதனால்தான் நாமும் ஒலியளவைத் திருகித் திருகிக் கூட்டி, இரைச்சலுக்கு மேல் இன்னோர் இரைச்சலைக் காதுக்குள் ஊற்றுகிறோம்.

இரைச்சலை மின்னணு முறையில் நீக்கும் ஹெட்செட் இந்த உறுமலைத்தான் குறிவைக்கிறது. கிண்ணத்துக்குள் இருக்கும் சிறு மைக், உள்ளே புகுந்துவிட்ட ஒலியைக் கேட்கிறது. மின்சுற்று அதற்கு நேர் எதிரான அலையை, மேட்டுக்குப் பள்ளமும் பள்ளத்துக்கு மேடுமாக, ஒலிபெருக்கி வழியே அனுப்புகிறது. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. 80 ஹெர்ட்ஸ் அலை ஒருமுறை ஏறி இறங்க 12.5 மில்லிநொடி ஆகும் என்பதால் மின்சுற்றுக்கு வேண்டிய அவகாசம் கிடைக்கிறது. 2,000 ஹெர்ட்ஸுக்கு அரை மில்லிநொடிதான். அங்கே சற்றுப் பிந்தினாலும் எதிர் அலை இரைச்சலைக் குறைப்பதற்குப் பதில் கூட்டிவிடக்கூடும் என்பதால், உயர்சுருதிகளைப் பழையபடி கிண்ணத்திடமும் பஞ்சிடமும் விட்டுவிடுகிறார்கள். ஒலியை ஒலியால் அழிக்கும் இந்த எண்ணத்துக்கு ஜெர்மானியரான பால் லூக் 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தார். வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்றவரின் மகனான அமர் போஸ், 1978-இல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இஞ்சின் இரைச்சலே மிஞ்சியதைக் கண்டு, அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போடத் தொடங்கினார். அவருடைய நிறுவனத்தின் மாதிரிக் கருவிகள் 1986-இல் எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தில் ஒன்பது நாள் பறந்தன. 1989-இல் விமானிகளுக்கான ஹெட்செட் விற்பனைக்கு வந்தது.

நான் வாங்கியது பழையதுதான். புதிதின் விலை என் மாதச் சம்பளத்தோடு சண்டைக்கு வந்தது. முதல் முறை இஞ்சினை முடுக்கிவிட்டு, ஹெட்செட்டின் பொத்தானை அழுத்திய கணத்தில் என் கை தானாகவே, இஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் பக்கம் போயிற்று, இஞ்சின் அணைந்துவிட்டதென்று. கேப்டன் சிரித்தார். மற்றபடி அமைதி என்று சொல்ல முடியாது. காற்றின் சீறலும் ஏதோ ஒரு தகட்டின் படபடப்பும் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டன. எண்கள் எண்களாகவே கேட்டன என்பதுதான் பெரிது. ஒலியளவைப் பாதி அளவுக்கும் கீழே குறைத்தேன். இரண்டு மணிநேரம் பறந்து இறங்கியபின் தலையில் கனம் இல்லை, கூட்டரசு நெடுஞ்சாலையில் வீட்டுக்குக் காரோட்டும்போது காதில் ரீங்காரமும் இல்லை.

அந்த ரீங்காரத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் அப்பா. முப்பது ஆண்டுகள் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்தவர். அவர் காலத்தில் காதடைப்பான் என்று ஒன்றை யாரும் கையில் கொடுக்கவில்லை. இன்று மலேசிய வேலையிடங்களுக்கு, எட்டு மணிநேர வேலைக்குச் சராசரி 85 டெசிபல் என்ற வரம்பு 2019-ஆம் ஆண்டு விதிமுறைகளில் இருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் இரு மடங்காவதால், 94 டெசிபலில் ஒரு மணிநேரத்திலேயே அந்த எட்டு மணிநேரக் கணக்கு முடிந்துவிடும். சிறு விமானங்களின் உட்பகுதி இரைச்சலும் இந்த அளவை ஒட்டித்தான் இருக்கிறது. இரைச்சலால் கெடும் காது முதலில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே கெடத் தொடங்கும். பேச்சு கேட்கும், ஆனால் ச, ட, த போன்ற ஒலிகள் உதிர்ந்துபோகும். அப்பாவிடம் எதையும் மூன்று முறை சொல்ல வேண்டியிருப்பது அதனால்தான்.

நான் வாங்கிய ஹெட்செட்டில் குறை இல்லாமல் இல்லை. எங்கள் விமானத்தின் இஞ்சின், காற்றையும் எரிபொருளையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் வைத்தது. நம் நாட்டின் வெக்கையில் பனிக்கட்டியா என்று வெளியாட்கள் சிரிப்பார்கள். ஆனால் ஈரப்பதம் மிகுந்த காற்று, குறைந்த விசையில் கீழிறங்கும்போது கார்புரேட்டருக்குள் குளிர்ந்து உறைவது இங்கேதான் எளிது. அதன் முதல் அறிகுறி சுழற்சி மெல்லக் குறைவது. பச்சைக் கிண்ணத்தில் இருந்தபோது சுருதி இறங்குவதைக் காது சொல்லிவிடும். இப்போது அந்தச் சுருதியைத்தானே அழித்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே கண், இஞ்சின் சுழற்சியைக் காட்டும் ஆர்பிஎம் காட்டியின்மீது முன்னைவிட அடிக்கடி போயாக வேண்டும். இத்தகைய ஹெட்செட்டுகள் எச்சரிக்கை ஒலிகளையும் இயந்திரக் கோளாறின் ஒலிகளையும் மறைக்கக்கூடும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ 2007-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. புதிய மாணவர்கள் முதல் பத்து மணிநேரமாவது சாதாரண ஹெட்செட்டில் பறந்து இஞ்சினின் குரலைப் பழகிக்கொள்வது நல்லதென்று நான் சொல்வதும் இதனால்தான்.

மின்கல விஷயத்தில் தவறு முழுக்க என்னுடையது. முந்தின வாரம் அணைக்காமல் பையில் போட்டுவிட்டேன் போலும். காப்பார் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் இடப்பக்கம் தெரிந்துகொண்டிருந்தபோது பேட்டரி தீர்ந்தது. உறுமல் ஒரே அடியாகத் திரும்பி வந்தபோது, ஏதோ வெடித்துவிட்டதென்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பேச்சு நிற்கவில்லை, பேட்டரி தீர்ந்தாலும் அது சாதாரண ஹெட்செட்டாக வேலை செய்யும். அன்றிலிருந்து இரண்டு ஏஏ பேட்டரிகள் என் சட்டைப்பையில் பேனாவோடு இருக்கின்றன. காதுவளையத்தின் செயற்கைத் தோல் நம் வியர்வையில் உரிந்துவிடும் என்பதால் பருத்தி உறை மாட்டிக்கொள்கிறேன். அதில் அடைப்பு சற்றுக் குறையும், ஆனால் காது வேகாமல் இருக்கும்.

உரிமம் கிடைத்தபின் அப்பாவைக் கோலசிலாங்கூர் பக்கம் அழைத்துக்கொண்டு போனேன். என் ஹெட்செட்டை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் பச்சைக் கிண்ணத்தை மாட்டிக்கொண்டேன். அவருடைய காதுக்கருவி கிண்ணத்துக்குள் கீச்சிட்டதால் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் வைக்கச் சொல்லி, கம்பியில் உள்ள குமிழைத் திருகி ஒலியளவைக் கூட்டினேன். கடற்கரையோரம் திரும்பியபோது இண்டர்காமில் அவர் குரல் வந்தது.

"அங்க தெரியிற கூரை, அது நம்ம பழைய மில்லுதானே?"

"ஆமாப்பா, அதுதான். சாலைக்கு அந்தப் பக்கம் லைன் வீடு இருந்துச்சு. இப்ப இல்ல."

"கோயில்?"

"கோயில் இருக்கு. மரத்துக்குக் கீழ பாருங்க."

ஒருமுறைதான் சொன்னேன், உரக்கவும் சொல்லவில்லை. அவர் கண்ணாடியோரம் சாய்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஆலையில் அவரோடு இரவு வேலை பார்த்தவர்களைப் பற்றி, நான் அதுவரை கேட்டிராத கதைகளைச் சொல்லத் தொடங்கினார். பச்சைக் கிண்ணத்தின் 80 ஹெர்ட்ஸ் உறுமலில் அவற்றில் பாதி எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. இறங்கி விமானத்தைக் கட்டிவிட்டுக் காருக்கு நடக்கும்போது, அந்த இரவு வேலைக் கதையை மறுபடி சொல்லுங்கள் என்று கேட்டேன். அப்பா நின்று, என் வாயைப் பார்த்து, சட்டைப்பையில் காதுக்கருவியைத் தேடினார்.