கழலையிலிருந்து வந்ததெல்லாம் கழலைக் குளவி இல்லை

ஓக் மரத்தில், உள்ளே குளவிப் புழு வளர்வதால் உண்டாகும் வீக்கம்தான் கழலை. அருங்காட்சியகத்துக்காக முதல் பருவத்தில் நான் சேர்த்த ஓக் கழலைகள் முழுக்க வீண். நான்கு வகையை ஒரே டப்பாவில் போட்டதுதான் தவறு. குளவிகள் வந்தன, எது எதிலிருந்து வந்தது என்று சொல்ல வழியில்லை. அருங்காட்சியகக் காப்பாளர் திறந்து பார்த்துவிட்டு, அப்படியே மூடித் திருப்பித் தந்தார்.

ஒரு மரம், ஒரு வகை, ஒரு டப்பா, ஒரே எண். மூடிக்குப் பதில் மெல்லிய துணி. காற்றுப் புகாத பையில் வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். பறிக்கும் முன் ஒன்றை அறுத்துப் பாருங்கள். சதை மெத்தென்று, புழு மிகச் சிறிதாக இருந்தால் மரத்திலேயே விட்டுவிடுங்கள். பறித்த கழலை சுருங்கி, புழு பட்டினியில் சாகும். மாசிக்காயில் இருப்பதுபோல் வட்டத் துளை விழுந்திருந்தால் உள்ளிருந்தது போய்விட்டது என்று அர்த்தம்.

இலையுதிர்காலக் கழலைகளைச் சூடான அறையில் வைத்தது அடுத்த பிழை. குளிர்காலம் கடக்காமல் பல இனங்கள் வெளிவராது. மழை படாத இடமாகப் பார்த்து வெளியில் வையுங்கள். அடுத்த ஆண்டும் ஒன்றும் வரவில்லையா? வீசிவிடாதீர்கள். சில இனங்கள் இரண்டு, மூன்று ஆண்டுகள்கூட உள்ளே கிடக்கும்.

பச்சை உலோகம்போல் மின்னி, முட்டையிடும் நீண்ட ஊசியோடு வருவது பெரும்பாலும் டோரிமஸ்; கழலைக்குள் இருப்பவரைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணி. அதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஏமாற்றுவது சினெர்கஸ்தான். கழலைக் குளவியின் குடும்பமேதான், ஆனால் சொந்தமாகக் கழலை உண்டாக்கத் தெரியாது. அடுத்தவர் வீட்டில் குடியிருக்கும். இரண்டையும் தனிக் குப்பிகளில், அதே கழலை எண்ணோடு வையுங்கள்.

தாவரத்தின் எந்தப் பகுதி என்பதையும் எழுதுங்கள். பயோரைசா பலிடா என்ற கழலைக் குளவியின் ஒரு தலைமுறை வசந்தத்தில் மொட்டில் கழலை உண்டாக்கும். மறு தலைமுறை வேரில். வேரிலிருந்து வருபவை இறக்கையில்லாத பெண்கள், எறும்பென்று நினைத்துக் கொட்டிவிடுவீர்கள்.

மரபணு ஆய்வுக்கு 95% எத்தனால். குப்பிக்குள் போடும் சீட்டில் பென்சில் மட்டுமே. இங்க்ஜெட் மை எத்தனாலில் கரைந்து, சீட்டு வெள்ளைத் தாளாகிவிடும். உலர்ந்த கழலைகளை மூடிய பையில் மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் உறையவைத்தால் அரிக்கும் வண்டுகள் சாகும். அறை வெப்பத்துக்கு வரும்வரை பையைப் பிரிக்கக்கூடாது, ஈரம் கோத்துவிடும்.

மூன்றாம் பருவத்துக் குப்பிகளைக் காப்பாளர் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார். ஒன்றே ஒன்று கேட்டார்: ஓக் இனங்கள் ஒன்றோடொன்று கலந்து கலப்பினமாகுமே, மரம் எதுவென்று உறுதிசெய்ய இலையும் கொட்டையும் அழுத்தி உலர்த்திய மாதிரி எங்கே? எடுக்கவில்லை. எண்ணிட்ட மரங்களுக்கெல்லாம் மறுபடி நடை.