சுரங்கத்தில் உயரம், நகரத்தில் நேரம்

சுரங்க சர்வேயை விட்டு நகரப் போக்குவரத்து ஆய்வுக்கு வந்தபோது, கூட வேலை பார்த்தவர்கள் கேட்டது ஒன்றுதான்: "இத்தனை நாள் கற்றதெல்லாம் அங்கே எதற்கு?" எல்லாமே உதவுகிறது. அதே ஜிபிஎஸ், வரைபடத் தரவை அலசும் அதே ஜிஐஎஸ் மென்பொருள், அதே ஆயத்தொலைவுகள். எந்த எண்ணைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும் என்பதுதான் மாறிவிட்டது.

சுரங்கத்தில் எனக்குக் கவலை முழுக்க உயரம். வெட்டியெடுத்த நிலக்கரியையோ தாதுவையோ வெளியே குவித்திருப்பார்கள். அந்தக் குவியலில் எவ்வளவு இருக்கிறது என்று மாதக் கடைசியில் சர்வேயர் சொல்ல வேண்டும். ட்ரோன் மேலே போய், ஒன்றின் மீது ஒன்று பெருமளவு படியும்படி நூற்றுக்கணக்கில் படம் எடுக்கும். மென்பொருள் அவற்றைக் கோத்து, மேற்பரப்பின் உருவத்தைக் காட்டும் புள்ளித் திரளாக்கும். அதிலிருந்து கன அளவு வந்துவிடும். சரி, குவியல் ஒரு ஹெக்டேர் தரையில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேற்பரப்பின் உயரம் மொத்தமாக 10 சென்டிமீட்டர் தப்பினால் கணக்கில் 1,000 கன மீட்டர் கூடிவிடும், இல்லையென்றால் குறைந்துவிடும். அதே 10 சென்டிமீட்டர் பக்கவாட்டில் தப்பினால், தரை சமமாக இருக்கும்வரை, கன அளவு அசையாது.

இதில் ஜியாய்டு, அதாவது கடல்மட்டத்தை ஒட்டிய பூமியின் வடிவம், வேறு வந்து சேரும். ஜிபிஎஸ் தரும் உயரம், எலிப்சாய்டு என்ற கணித வடிவத்திலிருந்து அளந்தது. சுரங்க வரைபடங்களில் இருப்பது கடல்மட்டத்தை ஒட்டிய உயரம். இலங்கைக்குத் தெற்கே கடலில் இந்த இரண்டுக்கும் இடையே சுமார் 100 மீட்டர் வித்தியாசம் இருக்கிறது. நியூ கினியா பக்கம் போனால் எதிர்த் திசையில் சுமார் 80 மீட்டர். நூறு மீட்டர் தப்பினால் யார் கண்ணிலும் பட்டுவிடும். ஒரு மாதம் ஒரு ஜியாய்டு மாதிரியையும் அடுத்த மாதம் இன்னொன்றையும் போட்டு, சில சென்டிமீட்டர் வழுக்குவதுதான் ஆபத்து. அதனால் தரையில் அளந்து வைத்த புள்ளிகளில் சிலவற்றைக் கணக்கீட்டில் சேர்க்காமல் ஒதுக்கி வைப்பேன். கடைசியில் அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. மென்பொருள் தன் கைக்குக் கொடுத்த புள்ளிகளோடுதான் தன்னைப் பொருத்திக்கொள்ளும்; கொடுக்காத புள்ளிதான் உண்மையைச் சொல்லும்.

(நிலத்தடிச் சுரங்கம் தனி உலகம். அங்கே செயற்கைக்கோள் சிக்னலே கிடையாது. கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியை வைத்துப் புள்ளிக்குப் புள்ளி உள்ளே நகர வேண்டும்.)

சுரங்கத்திலும் நேரம் முக்கியமாகிற இடம் ஒன்று உண்டு: சரிவு. 2013 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிங்கம் கேன்யன் செம்புச் சுரங்கத்தின் சுவர் பெயர்ந்து விழுந்தது. சுமார் 6.5 கோடி கன மீட்டர் பாறையும் மண்ணும். ஒருவருக்கும் காயமில்லை. ரேடார் முதலான கருவிகள் அந்தச் சுவரின் நகர்வை முன்பிருந்தே அளந்துகொண்டிருந்தன. நகர்வு வேகமெடுத்ததும் ஆட்களை வெளியேற்றிவிட்டார்கள். நம் தொழிலால் என்ன பயன் என்று புதிதாக வரும் பிள்ளைகள் கேட்டால் நான் சொல்வது இதைத்தான். சுவர் எங்கே இருக்கிறது என்பதோடு, நேற்றைவிட இன்று எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதையும் பார்த்தார்கள்.

நகரத்துக்கு வந்தால் எல்லாமே அந்த நேரக் கேள்விதான். ஒரு பஸ்ஸின் ஜிபிஎஸ் 5 மீட்டர் தப்பினால் பரவாயில்லை, சாலைக் கோட்டின் மேல் இழுத்து வைத்துவிடலாம். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி, பஸ் அடுத்த தெருவில் போவதாகக் காட்டும். அதையும் ஓரளவு சரிசெய்யலாம். ஆனால் 30 விநாடிக்கு ஒருமுறைதான் இடத்தை அனுப்புகிறது என்றால், மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும் பஸ் அதற்குள் 167 மீட்டர் கடந்திருக்கும். நடுவில் 15 விநாடி நிறுத்தத்தில் நின்று ஆள் ஏற்றியிருந்தால் தரவில் அதன் தடமே இல்லாமல் போகலாம். நின்றதா, போக்குவரத்து சிக்னலில் மாட்டியதா, மெதுவாக ஊர்ந்ததா என்று ஊகிக்கத்தான் முடியும்.

இது ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம்? 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று அட்டவணை சொல்கிறது. பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, 2 நிமிடம், 18 நிமிடம் என்று மாறி மாறி வருகின்றன. சராசரி இடைவெளி அதே 10 நிமிடம்தான். அறிக்கையும் அப்படியே எழுதப்படும். ஆனால் நிறுத்தத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த 18 நிமிட இடைவெளிக்குள்தான் வந்து சேருவார்கள். கணக்குப் போட்டால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடத்துக்குப் பதிலாக 8.2 நிமிடம். நின்றுகொண்டிருப்பவருக்கு இது தெரியும். சராசரியை மட்டும் பார்க்கும் அதிகாரிக்குத் தெரியாது.

நிறுத்தத்தைச் சுற்றி 400 மீட்டர் வட்டம் போட்டு, உள்ளே இருப்பவர்கள் எல்லோருக்கும் பஸ் வசதி உண்டு என்று எழுதும் பழக்கமும் எனக்கு ஆகாது. நடுவே ரயில் பாதையோ நீண்ட மதிலோ இருந்தால் அந்த 400 மீட்டர் நடையில் ஒரு கிலோமீட்டரைத் தாண்டலாம். நடைபாதை வலையமைப்பின் வழியே தூரத்தைக் கணக்கிடும் வசதி இலவச மென்பொருளிலேயே இருக்கிறது. அப்புறமும் வட்டம் வரைவதற்கு அவசரத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

அட்டவணைத் தரவு இன்று எளிதாகிவிட்டது. 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமான ட்ரைமெட்டும் கூகுளும் சேர்ந்து தொடங்கிய ஜிடிஎஃப்எஸ் என்ற அட்டவணைத் தரவு வடிவத்தை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். எந்த நிறுத்தம், எத்தனை மணிக்கு என்று வெறும் உரைக் கோப்புகளாகவே கிடைக்கும். அதில் இருப்பது வர வேண்டிய நேரம். வந்த நேரத்துக்கு பஸ்ஸிலிருந்துதான் தரவு வர வேண்டும்.

அதனால் புதிதாகக் கருவி பொருத்தப் போகும் போக்குவரத்துக் கழகங்களிடம் நான் கேட்பது, துல்லியமான ஜிபிஎஸ்ஸுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்பதே. கதவு திறந்த நேரம், மூடிய நேரம் இரண்டையும் பதிவுசெய்யுங்கள். அந்த இரண்டு எண்கள் கிடைத்தால் காத்திருப்புக் கணக்கை ஊகமில்லாமல் போட்டுத் தருகிறேன்.