இரண்டு பவுண்டு பேருந்தும் அரக்குச் சிறகுப் பறவையும்

நேற்று இரவு ஒன்பது மணிக்கு இங்கிலாந்தின் லெஸ்டரில் உள்ள வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். கால் விரல்களுக்கு இன்னும் முழு உணர்ச்சி திரும்பவில்லை. வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கவும் துணிவு வரவில்லை. ஆனாலும் வேக்ஸ்விங் (அரக்குச் சிறகு) பறவைகளைக் கண் நிறையப் பார்த்துவிட்டேன் என்பதை இன்றே எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. போக விரும்புவோருக்காக வழி, நேரம், செலவு ஆகியவற்றை வரிசையாகச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்; வரிசை தப்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சூறைக்குருவிகள் ஆண்டு தவறாமல் வரும். வேக்ஸ்விங் அப்படியல்ல. நார்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா ஆகிய நாடுகளின் வடகாடுகளில் கூடு கட்டும் இப்பறவை, கோடையில் பூச்சியையும் குளிர்காலத்தில் பழத்தையும் தின்று வாழ்கிறது. அதிலும் ரோவன் மரத்தின் சிறிய செம்பழம் இருந்தால் அதற்கு வேறெதுவும் வேண்டாம். நம் மாமரம் ஓராண்டு கிளை தாழக் காய்த்துவிட்டு மறு ஆண்டு ஓய்ந்துபோவதைப் போலவே ரோவனும் பெரும்பாலும் ஓய்ந்துபோகும். விளைச்சல் ஆண்டில் தின்று கொழுத்துப் பெருகிய கூட்டம், அடுத்த குளிர்காலத்தில் மரம் கைவிரித்ததும், தெற்கேயும் மேற்கேயும் கிளம்பி வடகடலைத் தாண்டி பிரிட்டனில் இறங்குகிறது. 2010-11, 2012-13 குளிர்காலங்களில் இப்படிப் பெருந்திரளாக வந்தன. இடையில் பல ஆண்டுகள் கண்ணில் பட்டாலே அதிர்ஷ்டம் என்ற நிலைதான். இந்த 2023-24 குளிர்காலத்தில் மறுபடி வந்திருக்கின்றன என்று கேள்விப்பட்ட பிறகு சும்மா இருக்க முடியுமா?

டெர்பிஷயரில் பேக்வெல் ஊருக்கு அருகே உள்ள ஹசாப் என்ற பழைய ரயில் நிலையத்தில் வேக்ஸ்விங்களின் ஒரு பெருங்கூட்டம் தங்கியிருப்பதாகச் செய்தி வந்தது. அக்காவின் பன்னிரண்டு வயது மகனும் வருவேன் என்று அடம்பிடித்தான். "ஏன்டா, அந்தப் பறவை சூப்பர் மார்க்கெட் வாசலுக்கே வருமாமே, அதுக்கா இவ்வளவு செலவு பண்ற?" என்றாள் அக்கா. அவள் சொன்னதில் பிழையில்லை. கடைகளின் கார் நிறுத்துமிடங்களில் அழகுக்காக நட்டு வைத்த ரோவனும் கொட்டோனியாஸ்டர் என்ற செம்பழப் புதரும் காய்த்துக் கிடப்பதால், வடகாட்டுப் பறவை தள்ளுவண்டிகளுக்கு நடுவே வந்து இறங்குவது இங்கே வழக்கம்தான். ஆனால் எந்தக் கடை வாசலுக்கு, எந்த நாளில் வரும் என்று அக்காவால் சொல்ல முடியுமா?

ஷெஃபீல்டுக்கு ரயிலில் ஒரு மணி நேரம். போகவர எங்கள் இருவருக்கும் 55 பவுண்டு ஆனது. அங்கிருந்து பேக்வெல்லுக்குப் பேருந்துக் கட்டணம் ஆளுக்கு 2 பவுண்டுதான், ஏனெனில் இங்கிலாந்தில் ஒருவழிக் கட்டணத்துக்கு 2023-24 குளிர்காலத்தில் அதுவே உச்சவரம்பாக இருந்தது. மலிவு என்று மகிழ்ந்தது தவறு. 7.50 வண்டி வரவே இல்லை. நிறுத்தத்துப் பலகையில் 'ஐந்து நிமிடம்' என்ற எழுத்து இருபது நிமிடம் அசையாமல் நின்றது, பிறகு சத்தமில்லாமல் மறைந்தது; ஏன் என்று கேட்க ஒரு மனிதர்கூட அங்கே இல்லை. ஒரு மணி நேரம் கழித்து வந்த அடுத்த வண்டியில், ஜன்னல் இடுக்கு வழியாக வந்த குளிர்காற்றில் காது மரத்துப்போக, நின்றபடியே பயணம் செய்தோம். வராத வண்டிக்குக் கட்டணம் இரண்டு பவுண்டாக இருந்தால் என்ன, இருபதாக இருந்தால் என்ன?

பேக்வெல்லில் இறங்கியதும் கோபத்தைத் தணித்தது அவ்வூரின் புட்டிங்தான். கடைகளில் செர்ரி வைத்து விற்கும் பேக்வெல் டார்ட்டை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அடுக்கடுக்காகப் பொரியும் மாவுக் கிண்ணம், அடியில் ஜாம், மேலே முட்டையும் வெண்ணெயும் பாதாமும் சேர்ந்து பாதி இறுகிய பாகு. அதைச் சூடாகத் தின்றுகொண்டே, விடுதிச் சமையலறையில் நேர்ந்த ஒரு தவறில்தான் இது பிறந்தது என்று அவ்வூரார் சொல்லும் கதையை மருமகனுக்குச் சொன்னேன். "மாமா, இன்னொண்ணு வாங்கலாமா?" என்றான். வாங்கினோம், பட்ஜெட் அங்கேயே முதல் அடி வாங்கியது.

அங்கிருந்து ஹசாப் வரை மான்சல் பாதையில் நடை. 1968இல் மூடப்பட்ட ரயில் தடத்தின் மேல் போட்ட பாதை என்பதால் ஏற்ற இறக்கமே கிடையாது. 1862இல் திறந்து 1942இல் பயணிகளுக்கு மூடப்பட்ட ஹசாப் நிலையத்தில் இப்போது சிற்றுண்டிச் சாலை நடக்கிறது. அதன் பக்கத்து ஹாதார்ன் என்ற முள்மர வேலியருகே முப்பது பேர் மூச்சுவிடாமல் நின்றிருந்தார்கள்.

முதலில் கேட்டது ஒலி. சின்ன வெள்ளி மணிகளைத் துணிப்பையில் போட்டுக் குலுக்கினால் வரும் மெல்லிய கிணுகிணுப்பு. தலைக்கு மேலே கூட்டம் பறந்தபோது, "மைனா மாதிரிதான் இருக்கு" என்று மருமகன் உதட்டைப் பிதுக்கினான். பறக்கையில் தோற்றம் ஏறக்குறைய அப்படித்தான், மைனாவைவிடச் சிறியது. ஆனால் அவை எங்களுக்கு எட்டடி தூரத்தில் வந்து இறங்கியபோது அவன் பேச்சு நின்றுவிட்டது. இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு உடல், பின்னோக்கிச் சீவிய கொண்டை, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, மஞ்சள் சாயத்தில் முக்கி எடுத்தது போன்ற வால் நுனி. இறக்கை மடிப்பில் வரிசையாகச் சிவப்புப் பொட்டுகள். தபால் நிலையத்தில் பதிவுப் பார்சலின் முடிச்சில் அரக்கை உருக்கிச் சொட்டவிட்டது போல அத்தனை பளபளப்பு. பெயருக்கே காரணம் அந்த அரக்குதான். அருகில் நின்ற முதியவர் ஒருவர், அவர் யார் எவர் என்றே தெரியாது, தம் தொலைநோக்கியைத் தாழ்த்தி மருமகனை எட்டிப் பார்க்கச் சொன்னார்.

தின்னும் வேகத்தைச் சொல்லியாக வேண்டும். தலைகீழாகத் தொங்கிப் பழத்தைப் பறித்து, அலகில் ஒரு கணம் பிடித்து, தலையை நிமிர்த்தி முழுதாக விழுங்குகிறது. அடுத்த பழம், அடுத்த பழம். ஒரு நாளில் தன் எடையைப் போல இரு மடங்கு தின்னும் என்று படித்தபோது நான் நம்பவில்லை, நேற்று நம்பினேன். புளித்துச் சாராயமேறிய பழத்தையும் தாங்கும்படி அதற்கு ஈரல் பெரிதாக அமைந்திருக்கிறது. வயிறு நிரம்பியதும் உயர்ந்த மரத்து உச்சியில் போய் உட்கார்ந்து செரித்துவிட்டு மறுபடி இறங்கும். கீழே தரை முழுவதும் செம்மஞ்சள் எச்சம். என் கோட்டுத் தோளிலும்தான்.

வேலியைத் தன் சொத்தாகக் காத்துவந்த மிஸில் த்ரஷ் என்ற பறவை ஒன்றின் பாடுதான் பெரும்பாடு. ஒன்றை விரட்டிக்கொண்டு அது அந்தக் கோடிக்குப் போவதற்குள் நாற்பது இந்தக் கோடியில் இறங்கின. எண்ணத் தொடங்கிய நான் எண்பதில் விட்டுவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஒருவர் பீரங்கி போன்ற கேமராவைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கே நடந்துபோய் மொத்தக் கூட்டத்தையும் கிளப்பிவிட்டார். நான் தமிழில் சொன்னது அவருக்குப் புரிந்திருக்காது, புரிந்திருந்தால் நன்றாயிருக்கும்.

நாலேகாலுக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதை மறந்து கடைசிப் பறவை போகும்வரை நின்றோம். திரும்பும் பேருந்தும் ஏமாற்றவே, வாடகைக் காரைத் தொலைபேசியில் அழைத்தேன். 45 பவுண்டு என்று சொன்ன ஓட்டுநர், ஷெஃபீல்டு வந்ததும் "இரவுக் கட்டணம்" என்று 60 கேட்டார். அப்போது மணி மாலை ஆறு. சிறுவனைக் குளிரில் நிறுத்திவைத்துச் சண்டை போட மனமில்லாமல் கொடுத்துவிட்டேன், வயிறு எரிகிறது.

போவதானால் இந்த வாரமே, காலையிலேயே போய்விடுங்கள். வேலியின் ஒரு கோடி ஏற்கெனவே மொட்டையாகிவிட்டது. பழம் தீர்ந்த மறுநாள் கூட்டம் இருக்காது.

இன்று காலை பால் வாங்கப் போன சாக்கில், அக்கா சொன்ன சூப்பர் மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவந்தேன். கொட்டோனியாஸ்டர் செடிகளில் பழம் கொத்துக் கொத்தாகக் கிடக்கிறது. தின்பதற்கு ஒரே ஒரு பிளாக்பேர்டுதான் இருந்தது.